ஜமக்காளம் பெரிது, அறை சிறிது



ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் ஒரு தாயாரின் மார்பகக் கட்டியிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுக்கிறார்கள். அது புற்றுநோய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய நிபுணர் இருப்பதோ தூர நகரத்தில். கண்ணாடி ஸ்லைடை ஸ்கேனரில் படமாக்கி அனுப்பினால் அவர் அங்கிருந்தே பார்க்கலாம். ஆனால் படத்தைத் திறந்தவுடன் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடுகிறது. "கம்ப்யூட்டர் பழையதோ, புதிது வாங்கித் தரட்டுமா?" என்று அன்பர்கள் பரிவோடு கேட்பதுண்டு. காரணத்தை முதலில் விளக்க விரும்புகிறோம்.

ஸ்கேனர் ஒரு மில்லிமீட்டரை 4,000 புள்ளிகளாகப் பதிவு செய்கிறது என்று கொள்வோம். துணுக்கு 15 மில்லிமீட்டர் சதுரமானால், பக்கத்துக்கு 60,000 புள்ளிகள். மொத்தம் 360 கோடி. புள்ளிக்கு 3 பைட் வீதம் சுமார் 10 ஜி.பி. ஆகிறது.

டிஸ்கில் இந்தப் படம் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இடம் பிடிக்கும். அங்கே அது சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆலயத்து ஜமக்காளத்தைச் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். விரிக்கவோ கூடம் முழுவதும் வேண்டும். படம் விரிவது நினைவகத்தில். 8 ஜி.பி. நினைவகத்தில் 10 ஜி.பி. படம் அடங்காது. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கும். டிஸ்க் மிக மெதுவானது. ஆகவே எல்லாம் நின்றதுபோல் தோன்றும்.

நினைவகத்தைக் கூட்டினால் போதுமா? எப்போதும் போதும் என்று சொல்ல முடியாது. பழைய 32 பிட் புரோகிராமுக்கு 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தத் தெரியாது. படத்தைச் சிறிதாக்கி அனுப்புவதோ ஆபத்து. முழுப் படத்தில் 30, 40 புள்ளிகள் அகலமுள்ள செல்லின் உட்கரு, பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மூன்று, நான்கு புள்ளிகளாகிவிடும். நிபுணர் தேடும் அடையாளமே மறைந்துபோகும்.

நல்ல வழி வேறு. சாதாரணத் திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகளே தெரியும். ஆகவே படத்தை 256 புள்ளி சதுரத் துண்டுகளாகப் பிரித்து, பாதி, கால் எனக் குறைந்த அளவுகளையும் அதே கோப்பில் சேர்த்து வைக்கிறார்கள். இதனால் கோப்பு கூடுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நிபுணர் பார்க்கும் இடத்துக்குரிய ஐம்பது, அறுபது துண்டுகள் மட்டும் திறந்தால் போதும். 10 ஜி.பி. வேண்டிய இடத்தில் சுமார் 10 எம்.பி. போதுமாகிறது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கியூபாத் என்ற இலவசப் புரோகிராம் இவ்விதமே படத்தைத் திறக்கிறது.

எனவே, புதிய கம்ப்யூட்டர் வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: படம் துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா? அதைத் துண்டு துண்டாகத் திறக்கும் புரோகிராம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், எளிய கம்ப்யூட்டரே போதுமானதாக இருக்கலாம். வராந்தாவில் காத்திருக்கும் அந்தத் தாயாருக்கும் பதில் சீக்கிரம் கிடைக்கும்.