கண்டு வரைதலும் கருத்துரைத்தலும்

வகுப்பறைச் சுவரில் மாணவர் வரைந்த ஓவியங்கள் தொங்குகின்றன. ஒன்றில் புலி பாய்கிறது. மற்றொன்றில் டைனோசர் வாயைத் திறந்து நிற்கிறது. அவற்றைப் பார்ப்பவர் இருவகையாகப் பேசுவர். 'மிக நன்று' என்பர் சிலர். 'இது புலியா, பூனையா?' என்று நகைப்பர் வேறு சிலர். முதற்சொல் இனிக்கும்; இரண்டாம் சொல் சுடும். ஆயினும், அடுத்த படத்தில் எதனைத் திருத்த வேண்டும் என்பதை இரண்டுமே கூறுவதில்லை. நகைப்புக்கு அஞ்சித் தூரிகையைக் கீழே வைத்தவர் பலர். வெறும் புகழ்ச்சியில் மகிழ்ந்து, செய்த பிழையையே மீண்டும் செய்பவரும் பலர். அவ்வாறாயின், ஓர் ஓவியத்தைப் பற்றி எவ்வாறு பேசினால் வரைந்தவர் வளர்வார்?

பெரியோரும் பிழை செய்தனர்

1515ஆம் ஆண்டில் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி, போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரை அடைந்தது. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்கு அளித்த பரிசு அது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அவ்விலங்கை நேரில் கண்டதில்லை. ஒரு கடிதத்தில் இருந்த வருணனையையும் ஒரு கோட்டோவியத்தையும் துணையாகக் கொண்டே அதனை வரைந்து, மரக்கட்டை அச்சாக வெளியிட்டார். அப்படத்தில் தோலின் மடிப்புகள் போர்வீரனின் இரும்புக் கவசம்போலத் தோன்றுகின்றன. கால்களில் செதில்கள் காணப்படுகின்றன. தோளுக்கு மேல், உண்மையில் இல்லாத சிறு கொம்பு ஒன்றும் முளைத்திருக்கிறது. படம் மிக அழகியது. ஆகவே, ஐரோப்பிய ஓவியர் பலர் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதனைப் பார்த்தே காண்டாமிருகத்தை வரைந்தனர். விலங்கைப் பாராமல் படத்தைப் பார்த்துப் படம் வரைந்ததால், பிழையும் உடன் பயணம் செய்தது.

டைனோசரின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்தில் கிடைத்த சில பற்களையும் எலும்புகளையும் கொண்டு, கிடியன் மாண்டெல் என்னும் மருத்துவர் 1825இல் ஒரு விலங்குக்கு 'இகுவனோடான்' எனப் பெயரிட்டார். அதன் எலும்புகளுள் கூம்பு வடிவான ஒன்றும் இருந்தது. அது மூக்கின்மேல் இருந்த கொம்பு என்று அறிஞர் கருதினர். 1854இல் லண்டன் மாநகரின் கிறிஸ்டல் அரண்மனைப் பூங்காவில் வைக்கப்பட்ட இகுவனோடான் சிலைகளும் மூக்கில் கொம்புடன் அமைந்தன. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழுமையான எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அப்போது உண்மை புலப்பட்டது. அந்தக் கூம்பு மூக்கின் கொம்பன்று. கைக் கட்டைவிரலின் முள்! அச்சிலைகள் இன்றும் அதே கொம்புடன் நிற்கின்றன. அவற்றைச் செய்தவரை எவரும் இகழ்வதில்லை. தமக்குக் கிடைத்த சான்றைக் கொண்டு அவர் முயன்றார். புதிய சான்று வந்தபோது உலகம் திருத்திக்கொண்டது.

தடையும் விடையும்

தமிழ்ப் புலவரிடையே அரங்கேற்றம் என்னும் வழக்கம் இருந்தது. புலவர் தாம் இயற்றிய நூலைச் சான்றோர் அவையில் படித்துக் காட்டுவார். அவையோர் ஐயம் எழுப்புவர். அதற்குத் தடை என்று பெயர். புலவர் கூறும் மறுமொழி விடை எனப்படும். தடை என்பது புலவரைப் பற்றியதன்று, நூலைப் பற்றியது. ஓவியத்தைப் பற்றிய பேச்சும் அவ்வாறே அமைதல் வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதல் வினா: வரைந்தவர் எதனைப் பார்த்து வரைந்தார்? விலங்கையா, ஒளிப்படத்தையா, கார்ட்டூனையா? 'யானையின் காது சரியில்லை' என்று கூறுவதால் பயன் குறைவு. 'ஆசிய யானையின் காது சிறியது. இப்படத்தில் உள்ளது தோளை மறைக்கும் ஆப்பிரிக்க யானையின் காது' என்று கூறினால், வரைந்தவருக்கு வழி தெரியும்.

இரண்டாம் வினா: அவ்விலங்கு அவ்வாறு நிற்க இயலுமா? டைரனோசாரஸ் வாலைத் தரையில் இழுத்தபடி நிமிர்ந்து நின்றதாகப் பழைய படங்கள் காட்டும். அதன் முதுகெலும்பு தரைக்கு இணையாகக் கிடந்தது என்பதே இன்றைய அறிஞர் கருத்து. துலாக்கோலின் இரு தட்டுகளைப்போல, முன்னே கனத்த தலையும் பின்னே நீண்ட வாலும் ஒன்றையொன்று சமன் செய்தன.

மூன்றாம் வினா: அவை ஒரே இடத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்தனவா? ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியின் அருகே புலியை வரைவது பிழை. அங்குக் காட்டில் வாழும் புலி இல்லை. டைரனோசாரசும் ஸ்டெகோசாரசும் சண்டையிடுவதாகப் பலர் வரைகின்றனர். அவற்றிற்கிடையே உள்ள கால இடைவெளி ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள். டைரனோசாரசுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியோ ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளே.

பிழையும் கற்பனையும்

கருத்துரைப்பவர் அறிய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தெரிந்ததை மாற்றி வரைவது பிழை. தெரியாததை எண்ணி வரைவது கற்பனை. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பாராபாசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த அவ்விலங்கின் மண்டையோடு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே, அதன் தலையை வரைபவர் அதன் உறவினங்களை நோக்கி எண்ணித்தான் வரைய வேண்டும். தோலின் நிறமும் பெரும்பாலான டைனோசர்களுக்கு அத்தகையதே. 'டைனோசர் நீல நிறமாக இராது' என்று எவரும் அடித்துக் கூற இயலாது. 'இந்நிறத்தை ஏன் தேர்ந்தாய்?' என்று வினவலாம். வரைந்தவர் காரணம் கூறினால், அதுவே நல்ல விடை.

ஓவியம் ஒரு சான்று

தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில், கல்லமேடு என்னும் ஊருக்கு அருகில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. அவ்விலங்குக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். 'பேருடல் கொண்ட பல்லி' என்பது அதன் பொருள். ஆனால், அவ்வெலும்புகள் பின்னர்ச் சிதைந்து போயின. பல ஆண்டுகள்வரை ஆய்வாளருக்குக் கிடைத்தவை, முன்பு வெளியிடப்பட்ட சில கோட்டோவியங்களே. அவற்றில் நுணுக்கம் போதாமையால், அவை உண்மையில் எலும்புகள்தாமா என்றும் சிலர் ஐயுற்றனர். பொருள் அழிந்தபின் படமே பேசுகிறது. படத்தில் இல்லாததை எவராலும் மீட்க இயலாது.

ஆகவே, உற்று நோக்கி வரைதலும், வரைந்ததைப் பிறர்க்குக் காட்டுதலும், பிறர் படத்தை உற்று நோக்கி உண்மை கூறுதலும் ஒன்றுக்கொன்று துணையானவை. நல்ல கருத்துரை, வரைந்தவரை மீண்டும் ஒருமுறை விலங்கைப் பார்க்கச் செய்யும். டியூரருக்கு வாய்க்காதது அந்த இரண்டாம் பார்வையே.

சொற்பொருள்

வருணனை – விரித்துக் கூறுதல்
துலாக்கோல் – தராசு
தடை – மறுத்து எழுப்பும் வினா
நுணுக்கம் – நுட்பம்

பயிற்சி

1. டியூரரின் படத்தில் இருந்த பிழைகள் யாவை? அவை நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் என்ன?
2. பிழைக்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. 'வரைந்தவர்', 'பார்ப்பவர்' போன்ற சொற்கள் மூன்றினைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
4. வீட்டருகே காணும் அணில், காகம், எருமை ஆகியவற்றுள் ஒன்றை நேரில் பார்த்து வரைக. நண்பர் ஒருவருடன் படத்தை மாற்றிக்கொண்டு, நிறை ஒன்றும் தடை ஒன்றும் எழுதுக. பின்னர் அதே விலங்கை மீண்டும் பார்த்து, இரண்டாம் படம் வரைக.