கடல் அலையின் கதியும் நீளமும்

பருத்தித்துறைக் கடலில் நங்கூரமிட்ட வள்ளமொன்று 80 செக்கனில் 10 முறை எழுந்து தாழ்கின்றது எனக் கொள்வோம். ஓர் அலை கடந்து செல்ல ஆகும் நேரம் 8 செக்கன். இதுவே ஆவர்த்தன காலம். மீடிறன் செக்கனுக்கு எட்டில் ஒரு பங்கு. ஓர் அலைமுடிக்கும் அடுத்த முடிக்கும் இடையேயுள்ள தூரம், அதாவது அலைநீளம், 36 மீற்றராயின், அதனை 8ஆல் வகுக்க அலையின் கதி செக்கனுக்கு 4.5 மீற்றர் என்பது பெறப்படும். அலைநீளத்தை மீடிறனாற் பெருக்கினாலும் விடை அதுவே.

இந்தச் சிறு கணக்கே 2004 டிசம்பர் 26ஆம் நாள் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலைக்கும் பொருந்தும். மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணி முதலிய வடமராட்சி கிழக்குக் கிராமங்கள் அன்று பேரழிவுக்குள்ளாயின.

அலைநீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரிதாயிருக்கும்போது, கதியை ஆழமே நிருணயிக்கின்றது. புவியீர்ப்பு ஆர்முடுகலாகிய 9.8ஐ மீற்றரில் அளந்த ஆழத்தாற் பெருக்கி, வர்க்கமூலம் காணவேண்டும். வங்கக்கடலின் ஆழம் 3,600 மீற்றர் எனக் கொண்டால் கதி செக்கனுக்கு ஏறக்குறைய 188 மீற்றர். மணிக்கு 676 கிலோமீற்றர். சுமாத்திராவுக்கு அப்பாலிருந்து அந்தமான் வரை நீண்டிருந்தது அன்றைய கடலடி வெடிப்பு. அதன்மீது அமைந்த நிக்கோபார் தீவுகள் பருத்தித்துறையிலிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. வகுத்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் வரும். எச்சரிக்க அதுவே போதிய அவகாசம். ஆயின் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை.

ஆழ்கடலில் அந்த அலையின் உயரமோ மிகச் சொற்பம். மேலே பறந்த செய்மதியொன்று அளந்தது 60 சென்ரிமீற்றர் அளவே. ஆவர்த்தன காலம் 20 நிமிடம், அதாவது 1,200 செக்கன் எனின், அலைநீளம் 225 கிலோமீற்றருக்கு மேலாகும். அத்துணை நீளத்தில் அத்துணைச் சிறிய ஏற்றத்தை வள்ளத்தில் இருப்பவர் எங்ஙனம் உணர்வர்?

கரையோரத்தில் ஆழம் 10 மீற்றராகக் குறையும்போது கதியும் செக்கனுக்கு 10 மீற்றர் அளவுக்கு இறங்குகின்றது. ஆவர்த்தன காலம் மாத்திரம் மாறுவதில்லை. ஆகவே அலைநீளம் 12 கிலோமீற்றராகச் சுருங்குகின்றது; நெருக்குண்ட நீர் மேலெழுகின்றது. அப்போதும் அதன் கதி மணிக்கு 36 கிலோமீற்றர். மணலில் ஓடும் மனிதனால் அதனை வெல்ல இயலாது.

முதல் அலை வடிந்ததும் உறவினரைத் தேடிக் கரைக்குத் திரும்புவோருக்கு ஆபத்து இங்கேதான் உளது. கடல் ஓய்ந்ததுபோலத் தோன்றும் அந்த வேளையில், அடுத்த முடி சில கிலோமீற்றருக்கு அப்பால் வந்துகொண்டிருக்கும்.