தொழிற்கல்வியும் உடற்குறையுடைய மாணவரும்

கட்புலன் இழந்தவனுக்குக் கூடை முடைதல், செவிப்புலன் இழந்தவனுக்குத் தையல் எனத் தொழில்களைப் பங்கிட்டு விடுதலே உடற்குறையுடையோர்க்குரிய தொழிற்கல்வி என்னும் கருத்துக் கல்வியுலகில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. குறையைக் கண்டு தொழிலைத் தெரிதல் ஒரு முறை. மாணவன் நாடும் தொழிலைக் கண்டு, அதற்கேற்பக் கருவியையும் கற்பிக்கும் வகையையும் மாற்றியமைத்தல் மற்றொரு முறை. இவ்விரண்டனுள் பின்னையதே உதவி என்னும் பெயர்க்கு உரியது.

கட்புலனற்ற சிறார்க்கென வலந்தேன் அயுயி என்பார் பாரிஸ் நகரில் 1785 இல் ஒரு கல்விக்கூடம் கண்டார். நூற்றல், பின்னல், கயிறு திரித்தல் முதலிய கைத்தொழில்கள் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. அவற்றைத் தெரிந்தவர் ஆசிரியரே. அக்கூடத்து மாணவருள் ஒருவர் 1800 இற் பிறந்த கிளோட் மொந்தால். அவரும் தோழர் ஒருவரும் அங்கிருந்த பியானோவைத் தாமே சுருதி கூட்ட முயன்றபொழுது, அப்பணிக்கென அமர்த்தப்பட்டிருந்த கண்ணுடைய தொழிலாளர் முறையிட்டார், மாணவர் தடுக்கப்பட்டனர். அவர்களோ பழைய பியானோ ஒன்றைப் பெற்று, அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, விரலாலே தடவியறிந்து, மீளவும் பொருத்தினர். பின்னர்க் கல்விக்கூடத்துப் பியானோக்களைப் பேணும் பொறுப்பே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மொந்தால் 1836 இல் சுருதி கூட்டும் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பியானோ செய்வோராகவும் உயர்ந்தார். கண்ணிலார்க்கு இயற்கையே செவிக்கூர்மையை ஈடாக அளிக்கின்றது என்பர் சிலர். அவர் பழுதுற்ற பியானோவுடன் போராடிப் பெற்ற பயிற்சியை அக்கூற்று மறைத்துவிடுகின்றது.

இதன் பின் நிகழ்ந்தது சிந்திக்கற்பாலது. சுருதி கூட்டுதல் ஐரோப்பாவிற் கட்புலனற்றோர் பள்ளிகள் பலவற்றின் வழக்கமான தொழிலாயிற்று. ஒருவர் தடையை மீறித் தாமே தேடிக்கொண்ட தொழில், பின்வந்த பலருக்கு விதிக்கப்பட்ட தொழிலாக மாறியது! இசையில் நாட்டமில்லாத மாணவன் அதனால் என்ன பயன் பெற்றிருப்பான்?

இனி, தொழிற்கூடத்துள் உதவி எவ்வாறு அமையும் என்பதை நோக்குவாம். ஒரே நேரத்திற் பேசியும் செய்துங் காட்டுதல் ஆசிரியர் பலருடைய வழக்கம். செவிப்புலனற்ற மாணவனுக்கோ கண் ஒன்றே வாயில்; சைகை மொழிபெயர்ப்பாளரை நோக்குங்கால் ஆசிரியரின் கையைக் காணான்; கையை நோக்குங்கால் சைகையை இழப்பான். ஆதலின், முதலில் விளக்கி, சற்று நிறுத்தி, பின்னர்ச் செய்துகாட்டல் வேண்டும். இதற்குச் செலவு யாதுமில்லை. பொறி இயங்குவதையும் நிற்பதையும் அறிவிக்க ஒரு விளக்குப் போதும். அதன் ஓட்டத்தின் பிழையை அதிர்வினாற் கையே உணரப் பழகிவிடும். கட்புலனற்ற தச்சு மாணவனுக்கு, நீட்டுந்தோறும் ஓர் அங்குலத்தின் 1/16 பங்குக்கு ஒருமுறை ஒலிக்கும் அளவுகோல் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கு வேலைமேசையின் கீழ் முழங்கால் நுழைய இடம் வேண்டும். மெல்லக் கற்கும் மாணவனுக்கு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, இறுதிப் படியை முதலிற் பயிற்றுதல் ஒரு நல்ல முறை. பொருளை முடித்துவைக்கும் மகிழ்ச்சி முதல் நாளே அவனுக்குக் கிட்டும்.

நம் நாட்டில் இத்தகையோர்க்கான கல்வி புதிதன்று. இரத்மலானைப் பாடசாலை 1912 இலும் கைதடி நஃபீல்ட் பாடசாலை 1956 இலும் தோன்றின. உடற்குறையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2006 ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. பிறரோடு சமமாகத் தொழிற்பயிற்சி பெறுதற்கு ஏற்ற மாற்றங்களை அரசு செய்தளிக்க வேண்டுமென அது விதிக்கின்றது.

ஆயின், சிக்கல் பெரிதும் தேர்விலே உளது. ஏழு தரங்களையுடைய தேசியத் தொழிற்றகைமை முறை, ஒருவன் எத்துணை நாள் வகுப்பில் இருந்தான் என்பதை விடுத்து, யாது செய்ய வல்லன் என்பதை அளக்கின்றது. அக்கொள்கை இம்மாணவர்க்குச் சாதகமானதே. மூட்டு இறுகப் பொருந்தியிருப்பின், அளந்தது கண்ணா விரலா என வினாவுதல் வேண்டா. எனினும், மதிப்பிடுவோர் வாய்மொழி வினாக்களையே நம்பினாலோ, ஒலிக்கும் அளவுகோலைக் கொண்டுவர இசையாவிட்டாலோ, வேலை தெரிந்த மாணவன் சான்றிதழின்றித் திரும்புவான். அச்சான்றிதழின் இழப்புச் சிறிதன்று. அரசாங்க வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை உடற்குறையுடையோர்க்கு ஒதுக்குமாறு 1988 இல் வெளியான சுற்றறிக்கையும், வேண்டிய தகைமை உடையோர்க்கே என வரையறுத்துள்ளது.