நிழல் குட்டையானால் கவனம் தேவை

"டீச்சர், சன்ஸ்கிரீன் போட்டா வெள்ளை ஆயிடலாமா?"

ஒளி குறித்த பாடத்தின் நடுவே ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. விளம்பரங்கள் அவளிடம் சொன்னதைத்தான் அவள் நம்மிடம் கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு அறிவியலால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

களிம்பு செய்யும் வேலை

சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் மூன்று வகை. 'சி' வகையை வளிமண்டலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. 'பி' வகை தோலைச் சிவக்கவும் எரியவும் வைக்கிறது. 'ஏ' வகை தோலின் ஆழம் வரை சென்று சுருக்கத்தையும் கருமையையும் உண்டாக்குகிறது. மெல்லிய மேகத்தையும் சன்னல் கண்ணாடியையும் தாண்டி வரக்கூடியது இது. சூடாக உணர்வது அகச்சிவப்புக் கதிர்களை. புற ஊதாக் கதிர்களை நம்மால் உணர முடியாது. ஆகவே, 'இன்று வெயிலே இல்லை' என்று நாம் நினைக்கும் நாளிலும் அவை இருக்கும்.

சன்ஸ்கிரீன் இக்கதிர்களை உறிஞ்சியோ சிதறடித்தோ தடுக்கிறது. அது தோலின் இயல்பான நிறத்தை மாற்றாது. நம் தோலில் உள்ள மெலனின் ஓரளவு காக்கும், முழுமையாகக் காக்காது. நம்மில் பலருக்குக் கன்னத்தில் படரும் 'மங்கு' வெயிலால் கூடுவது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

உறையில் உள்ள எஸ்.பி.எஃப். எண் 'பி' வகைக் கதிர்களுக்கான பாதுகாப்பைக் குறிக்கும். எண் 30 என்றால் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே நுழையும். அதாவது 97 விழுக்காடு தடுக்கப்படும். எண் 50 என்றால் 98 விழுக்காடு. எண் பெரிதாகக் கூடினாலும் பாதுகாப்பு ஒரு விழுக்காடுதான் கூடுகிறது! பின்னமும் விழுக்காடும் நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகத் தரலாம். 'ஏ' வகைக்கான பாதுகாப்பை அறிய 'பி.ஏ.' குறியீட்டை அடுத்துள்ள கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் களிம்பு தேவை. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. காலையில் ஒருமுறை பூசியது மாலை விளையாட்டு வரை நிற்காது.

தினமும் பூசுவதால் பயன் உண்டா? ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நாள்தோறும் பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் வெளிர் தோலினர்; நமக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால், நம் வகுப்பிலும் அந்த ஆபத்து உள்ள குழந்தை இருக்கலாம்.

அந்த ஒரு குழந்தை

அல்பினிசம் எனும் பிறவி நிறமிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மெலனின் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. அக்குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் அழகுப் பொருள் அன்று, பாதுகாப்பு. தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றைச் சீருடை விதியின் பெயரால் நாம் தடுக்கக் கூடாது. பார்வைக் குறைவும் இருக்குமாதலால் முன்வரிசையில், சன்னல் வெயில் படாத இடம் தர வேண்டும். விளையாட்டிலிருந்து ஒதுக்காமல், விளையாட்டை நிழலுக்கு மாற்றலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

காலை வழிபாட்டின்போதும், நண்பகலிலும், மாலை விளையாட்டின்போதும் மாணவர்கள் தம் நிழலை அளந்து எழுதட்டும். நிழல் தம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர்கள் வலுவாக உள்ளன என்று பொருள். நிழலில்லா நாள் குறித்தும் இதனுடன் பேசலாம்.

அந்த அளவுகளைக் கொண்டு வழிபாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற நேரத்தையும் இடத்தையும் மாணவர்களே பரிந்துரைக்கட்டும். களிம்பு வாங்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. நம் வளாகத்து வேப்பமர நிழலுக்கு விலை இல்லை.

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்: "வெள்ளையாக மாட்டாய் அம்மா. உன் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. வெயிலிலிருந்து தோலைக் காப்பதற்குத்தான் அது."