கையெழுத்துக்கு முன்பே கைகுலுக்கினார்கள்

1984 ஜனவரி 3. நியூயார்க்கில் கெட்டி ஆயில் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியிருந்தது. அதன் பங்குகளுக்கு பென்சாயில் நிறுவனம் விலை பேசிக்கொண்டிருந்தது. இழுபறிக்குப் பிறகு, பங்குக்கு 110 டாலர், பின்னால் ஒரு 5 டாலர் என்று பேரம் படிந்தது. 15 பேர் ஆதரித்தார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்தார். கூட்டம் முடிந்ததும் கைகுலுக்கல், வாழ்த்து. மறுநாள் ‘கொள்கையளவில் உடன்பாடு’ என்று அறிக்கை வெளியானது. இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது.

வழக்கறிஞர்கள் அந்த ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே டெக்சாகோ என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனம் உள்ளே வந்தது. 125 டாலர் என்றது, பிறகு 128 என்றது. ஜனவரி 6-ல் கெட்டி அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

தன் ஒப்பந்தத்தைக் கெடுத்ததாக டெக்சாகோ மீது பென்சாயில் ஹூஸ்டனில் வழக்குப் போட்டது. கையெழுத்தே ஆகாத ஒப்பந்தத்தை நாங்கள் எப்படிக் கெடுக்க முடியும் என்றது டெக்சாகோ. நம்மில் பலரும் அப்படித்தான் கேட்போம். ஆனால் ஜூரியின் முன் இருந்த கேள்வி வேறு: அன்று கெட்டி, பென்சாயில் இரு தரப்பும் கட்டுப்பட நினைத்தார்களா? நினைத்தார்கள் என்றது ஜூரி. 1985 நவம்பரில் விதித்த தொகை 1,053 கோடி டாலர். மேல்முறையீட்டில் அபராதப் பகுதி 300 கோடியிலிருந்து 100 கோடியாகக் குறைந்தும் பாரம் தாங்கவில்லை. 1987 ஏப்ரலில் டெக்சாகோ திவால் பாதுகாப்பு கேட்டது. கடைசியில் 300 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

அது அமெரிக்கா என்று தள்ளிவிட வேண்டாம். நம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் பொதுவாக எழுத்தையோ கையெழுத்தையோ கட்டாயமாக்கவில்லை, வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். “வெறும் எம்ஓயுதானே, போட்டு வைப்போம்” என்று புரிந்துணர்வுத் தாளைப் பற்றி யாராவது சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. தலைப்பில் ‘புரிந்துணர்வு’ என்று இருப்பதால் மட்டும் அந்தத் தாள் லேசாகிவிடாது. விலை, அளவு, தேதி எல்லாம் அதில் முடிவாகி, சரக்கும் கைமாறத் தொடங்கிவிட்டால், அது ஒப்பந்தம்தான் என்று எதிராளி வாதாட இடம் கிடைத்துவிடும்.

ஆகவே பூர்வாங்கத் தாளிலேயே எழுதுங்கள்: இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை யாரும் கட்டுப்பட்டவர் அல்ல. ரகசியம் காப்பது, இன்ன தேதிவரை வேறு ஆளிடம் பேசாமல் இருப்பது, இவை மட்டும் இன்றே கட்டுப்படுத்தும் என்று தனியாகச் சொல்லுங்கள். எழுதிய பிறகு நடத்தையும் அதற்கு ஒத்திருக்கட்டும். முடிவாகாத வியாபாரத்தை முடிந்ததாக ஊருக்கு அறிவிக்காதீர்கள்.