"அடித்தானா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

பிறந்த வீட்டுக்கு அழுதுகொண்டு வரும் மகளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அடித்தானா?" அவள் இல்லை என்றால் நம் பதிலும் தயாராக இருக்கிறது: "அப்புறம் என்னம்மா? ஸப்ரு செய். எல்லா வீட்டிலும் இருப்பதுதான்."

சானமாவில் பிறந்து, எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கணவன் கை நீட்டுவதில்லை. ஆனால் அவள் நிறத்தையும் சமையலையும் பெற்றோரையும் தினமும் இழிவாகப் பேசுகிறான். தொழிற்சாலைச் சம்பளம் வந்த அன்றே ஏடிஎம் கார்டை வாங்கிக்கொள்கிறான். தாய்க்குப் போன் செய்தால் சந்தேகப்படுகிறான். எதிர்த்துப் பேசினால் "தலாக் சொல்லிவிடுவேன்" என்கிறான். மறுநாள் மன்னிப்புக் கேட்டுப் பாசத்தைப் பொழிகிறான். ஒரு வாரத்தில் பழைய கதை. நாளடைவில் அவளே, தப்பு தன் மேல்தானோ என்று நினைக்கத் தொடங்குகிறாள்.

இது சாதாரணக் குடும்பச் சண்டை அல்ல. சண்டையில் இருவரும் பேசுவார்கள், ஒரு நேரத்தில் அது முடிந்துவிடும். இங்கே எப்போதும் ஒருவரே பயப்படுகிறார், ஒருவரே மன்னிப்புக் கேட்கிறார். இதற்குப் பெயர் மனரீதியான கொடுமை.

மார்க்கம் சொல்வது என்ன?

மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (4:19). துன்புறுத்துவதற்காக அவர்களைத் தடுத்து வைப்பது வரம்பு மீறல் என்கிறது இன்னொரு வசனம் (2:231). கேலி செய்வதும் பட்டப்பெயர் சூட்டுவதும் தடுக்கப்பட்டவை (49:11). வெளியாருக்குச் செய்யக்கூடாத இதை மனைவிக்கு மட்டும் செய்யலாமா?

சமாதானம் பேச இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பச் சொல்கிறது மார்க்கம் (4:35). ஆனால் சமாதானம் என்பது கட்டாயம் அல்ல. அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா (ரலி), கணவர் முகீஸைப் பிரிய முடிவு செய்தார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதபடி அவர் பின்னால் சென்றார். சேர்ந்து வாழலாமே என்று நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் கேட்டபோது, இது கட்டளையா என்று அவர் கேட்டார். பரிந்துரைதான் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் வேண்டாம் என்றார் பரீரா. அந்த முடிவு ஏற்கப்பட்டது. நபியவர்களே கட்டாயப்படுத்தாத இடத்தில், நம் ஜமாஅத்தும் உறவினர்களும் எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?

சட்டம் சொல்வது என்ன?

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், மாலிகி மத்ஹபின் கருத்துகளை ஏற்று உருவானது. உடலைத் துன்புறுத்தாவிட்டாலும், கொடுமையான நடத்தையால் மனைவியின் வாழ்வைத் துயரமாக்கினால், அதையே காரணமாகக் காட்டி அவள் மணமுறிவு கேட்கலாம். "அடித்தானா?" என்ற கேள்விக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவமானப்படுத்துவதையும், பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவதையும், பணத்தைப் பறித்து வைப்பதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. பாதுகாப்பு, தங்கும் உரிமை, செலவுக்குப் பணம், மன வேதனைக்கு இழப்பீடு ஆகிய அனைத்தையும் நடுவர் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் இந்தச் சட்டத்தின்கீழ் 2018இல் மனு செய்தார். தலாக் கொடுத்துவிட்டதாகக் கணவர் கூறினார். அது முறைப்படி நிரூபிக்கப்படவில்லை. இதற்கிடையே அவர் மறுமணமும் செய்திருந்தார். அதனால் மனைவிக்கு ஏற்பட்ட மன வேதனையைக் கொடுமையாகக் கருதி, 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதிசெய்தது.

எல்லைப் பகுதியில் வாழும் நாம் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. கணவன் வீடு கர்நாடகாவில் இருப்பதால் அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு செய்யலாம். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால் ஓசூர்ப் பகுதியிலேயே வழக்கு நடத்தலாம். அந்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் (எண் 15100). உடனடி உதவிக்கு 181.

குலா பற்றியும் ஒரு தெளிவு தேவை. அது பெண்ணின் உரிமைதான். ஆனால் தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் தரும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, குடும்பநல நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வெறும் காகிதத்தை நம்பி மறுமணம் செய்து சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வெளியேறும்போது

கோபத்தில் "போகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்புவது ஆபத்து. நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஆதார், நிகாஹ் பதிவின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், நகை ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். மிரட்டல் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல், நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்தால் நீதிமன்றத்தில் அது உதவும்.

வெளியே வந்த பிறகு

வீட்டை விட்டு வந்ததும் மனம் ஆறிவிடாது. போன் ஒலித்தால் நடுங்குவாள். தூக்கம் வராது. சில நாட்களில் அவனையே நினைத்து அழுவாள், திரும்பிப் போய்விடலாமா என்றும் கேட்பாள். இது பலவீனமோ புத்தியின்மையோ அல்ல. அச்சத்தையும் பாசத்தையும் மாறி மாறிக் கொடுத்தவரிடமிருந்து மனம் விடுபடக் காலம் எடுக்கும்.

தொழுகையும் துஆவும் ஆறுதல் தரும். அதோடு மருத்துவ ஆலோசனையும் தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு அல்ல.

குடும்பத்தார் செய்ய வேண்டியது எளியது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லித் துருவாதீர்கள். "ஊர் என்ன சொல்லும்" என்று அவள் காதுபடப் பேசாதீர்கள். இத்தா முடிந்ததும் அடுத்த வரன் தேட அவசரப்படாதீர்கள். அவள் சம்பளம் அவள் கையிலேயே இருக்கட்டும். சின்னச் சின்ன முடிவுகளை அவளே எடுக்கட்டும். இழந்த தன்னம்பிக்கை அப்படித்தான் திரும்பும்.

ஸப்ரு என்பது கொடுமைக்குள்ளேயே கிடப்பது அல்ல. அதிலிருந்து வெளியே வந்து நீதியைத் தேடும்போதும் பொறுமை தேவைப்படுகிறது. அடுத்த முறை மகளோ தங்கையோ வாசலில் வந்து நின்றால், "அடித்தானா?" என்பதற்குப் பதில் "உள்ளே வாம்மா, சாப்பிட்டாயா?" என்று கேட்போம். மீதியை அவளே சொல்வாள்.