மணி பிளான்ட்டுக்கு மறுவாழ்வு!

குட்டீஸ்! உங்கள் வீட்டில் மணி பிளான்ட் இருக்கிறதா? போன மாதம் வரை பளபளவென்று இருந்த செடி, இப்போது இலைகள் மஞ்சளாகித் துவண்டு தொங்குகிறதா? 'ஐயோ பாவம், தாகமாக இருக்கும்' என்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் கொண்டு கிளம்பி விட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! வீட்டுக்குள் வளரும் செடிகள் பல நேரங்களில் வாடுவது, தண்ணீர் அதிகமாவதால்தான்!

அதெப்படி? வேர்களும் சுவாசிக்கின்றன. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கொள்கின்றன. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிரம்பி விடும். மூச்சுத் திணறும் வேர்கள் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால், ஈரத்தில் நின்றபடியே செடி தாகத்தால் வாடும்!

'பாட்டிலில் வெறும் தண்ணீரிலேயே மணி பிளான்ட் வளர்கிறதே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! தண்ணீரில் முளைக்கும் வேர்கள், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டே வாழப் பழகியவை. மண்ணில் வளர்ந்த வேர்கள் அப்படியல்ல.

சரி, சிகிச்சையை ஆரம்பிப்போமா?

1. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். இதுவே போதும்.

2. ஈரமாக இருந்தால், செடியை மெதுவாக வெளியே எடுங்கள். வெண்மையாக, உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள். பழுப்பாகி, கொழகொழவென்று நாறுபவை அழுகியவை. பெரியவர்கள் உதவியுடன் சுத்தமான கத்தரிக்கோலால் அவற்றை வெட்டி விடுங்கள்.

3. அடியில் துளையுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய உரம் கலந்து நடுங்கள். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். உச்சிவெயில் நேராகப் படக்கூடாது. மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்!

எல்லா வேரும் அழுகி விட்டதா? அப்போதும் வழி உண்டு! இலை முளைக்கும் இடத்தில் தண்டு சற்றுப் புடைத்திருக்கும். அதுதான் கணு. கெடாத தண்டை, கணுவுக்குக் கீழே வெட்டி, கணு தண்ணீரில் மூழ்கும்படி பாட்டிலில் வையுங்கள். சில வாரங்களில் புது வேர் விடும். வாரம் ஒருமுறையாவது பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றுங்கள். இல்லையேல் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குடிவந்து விடும்!

குட்டித் தகவல்: மணி பிளான்ட்டின் சொந்த ஊர், பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு. இது பூப்பது மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் ஹார்மோனை இதனால் போதிய அளவு தயாரிக்க முடியாததே காரணம் என்று 2016ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். பூ இல்லையேல் விதை ஏது? உங்கள் வீட்டுச் செடியும், இன்னொரு செடியின் கணுவிலிருந்து வந்ததுதான்!

எச்சரிக்கை: இலையைக் கடிக்காதீர்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயை எரிய வைக்கும். குட்டித் தம்பி, தங்கை, பூனைக்கு எட்டாமல் வையுங்கள். செடியைத் தொட்டபின் கை கழுவுங்கள்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. அதற்காக வருந்த வேண்டாம். தண்டின் நுனியைத் தினமும் பாருங்கள். சுருண்டபடி ஒரு புது இலை எட்டிப் பார்த்தால், உங்கள் செடி பிழைத்து விட்டது!